கண்டத்தின் இரு கரைகள்

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூரிலிருந்து கிழக்கே காரைக்குப் போகும் வழியெல்லாம் பருத்தியும் மக்காச்சோளமும்தான். காரையை ஒட்டிய ஓரிடத்தில் பயிர் சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கிருந்து புல்லும் சரியாகப் பிடிக்காத மொட்டை மேடுகளும், மழை அரித்துப் பிளந்த ஓடைகளும் தொடங்குகின்றன. மண் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண். அதில் குறுக்கும் நெடுக்குமாக ஜிப்சம் பட்டைகள் ஓடுகின்றன. வெயில் ஏறியதும் அவை பளபளக்கும். குனிந்து பார்த்தால் விரல் பருமனில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் உருளைக் கற்கள் கிடக்கும். அவை பெலம்னைட் என்னும் கடலுயிரியின் உட்கூடு. பொறுமையாகத் தேடினால் சுருண்ட கூடு ஒன்றின் துண்டும் கண்ணில் படலாம். அது அம்மோனைட். அதன் மேற்பரப்பில் இலை விளிம்புபோல் நெளிந்து நெளிந்து போகும் கோடுகள், கூட்டை அறை அறையாகப் பிரித்த தடுப்புச் சுவர்கள் வெளி ஓட்டைத் தொட்ட இடங்கள். அந்த அறைகளில் காற்றும் நீரும் வைத்துக்கொண்டு அந்த உயிர் கடலில் மிதந்தது.

இங்கிருந்து வடக்கே சுமார் 2,300 கிலோமீட்டர் தொலைவில், இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு 4,400 மீட்டர் மேலே லாங்சா என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் சௌ சௌ காங் நில்டா என்னும் 6,303 மீட்டர் பனிச்சிகரம் நிற்கிறது. ஊரைச் சுற்றிய சரிவுகளில் கறுப்பு மென்பாறை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. அதில் உருண்டைக் கற்கள் கிடைக்கும். ஒன்றை உடைத்தால் உள்ளே அதே சுருள், அதே தடுப்புச் சுவர்கள். லாங்சாவின் அம்மோனைட்டுகள் காரையில் கிடைப்பவற்றைவிடப் பழையவை, சுமார் 15 கோடி ஆண்டு வயது உடையவை. ஆனாலும் இரண்டும் ஒரே உயிர்க்குலம்.

காரையும் லாங்சாவும் ஒரே கண்டத்தின் இரண்டு கரைகள். ஒரு கரை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. மற்றொன்று வானத்துக்குத் தூக்கப்பட்டுவிட்டது. ஸ்பிதியில் மலையேறுகிறவர் எந்த வழியாகப் போகலாம், எங்கே அடைபட்டு நிற்பார் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பழைய கடலடிதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள, பனியையே பார்க்காத பெரம்பலூர்–அரியலூர் சமவெளியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

மேற்கிலிருந்து கிழக்கே

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதன் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. நைஸ், சார்னோகைட் என்று அவற்றுக்குப் பெயர். உயிர்கள் ஓடு கட்டக் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே உருவானவை என்பதால் அவற்றில் புதைபடிவம் ஏதும் இல்லை. இந்தப் பழம்பாறைதான் இப்பகுதி முழுவதற்கும் அடித்தளம். பச்சைமலையின் அடிவாரத்தை விட்டுக் கிழக்கே நகர நகர, அந்தத் தளத்தின்மேல் படிந்த அடுக்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அடுக்குகள் கிழக்குப் பக்கம் மெல்லச் சாய்ந்திருப்பதால், கிழக்கே போகப் போகப் புதிய காலத்துக்குள் நுழைகிறோம்.

முதலில் தெரணி. அங்குள்ள வெள்ளைக் களிமண்ணில் இலைகளின் அச்சுகள் கிடைக்கின்றன. அது நிலத்தில் படிந்தது. பிறகு கடல் உள்ளே வந்தது. ஊட்டத்தூர், காரைப் படிவுகள் அந்தக் கடலின் தொடக்கக் கதை. அடுத்து கருடமங்கலம். சிப்பிகளும் சங்குகளும் நெருக்கியடித்து இறுகிய பாறை அங்கே கிடைக்கிறது. மெருகேற்றினால் ஓடுகளின் குறுக்குவெட்டு பூவேலைபோல் தெரியும். அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சி வந்தால், சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டிய சுரங்கங்களின் சுவரில் கனத்த சிப்பி ஓடுகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. அதற்கும் பிறகு கடல் பின்வாங்கிய காலத்தில் ஆறுகள் கொண்டுவந்த மண் கல்லமேட்டில் படிந்தது. அங்கேதான் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட மிகப் பெரிய விலங்கு அந்த மண்ணிலிருந்து வந்தது. ஆனால் அந்த எலும்புகள் காற்றிலும் ஈரத்திலும் உதிர்ந்து அழிந்துவிட்டன.

கடலோரத்தில் காடும் இருந்தது என்பதற்குச் சாத்தனூர் சாட்சி. அங்கே ஓடைக்கரையில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்று படுத்திருக்கிறது. ஆற்றில் அடித்து வரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்த மரம் அது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அடையாளம் கண்டார். இன்று அது பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் சின்னம்.

இந்த அடுக்குகளை முதன்முதலில் ஒழுங்காக வரைபடத்தில் ஏற்றியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. 1850களின் இறுதியில் இந்தக் காடுகரைகளில் அலைந்து, படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள். பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவுக்குப் போன புதைபடிவங்களைப் பிரித்துப் பெயரிட்டு எழுதும் பெரும்பணி, 1862-இல் அங்கே வந்து சேர்ந்த 24 வயது இளைஞர் ஒருவரின் கைக்கு வந்தது. மொராவியாவில் பிறந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவர். பத்தாண்டுக்கு மேல் உழைத்துத் தென்னிந்தியக் கிரீத்தேசியக் காலக் கடலுயிர்களைப் பற்றிப் படங்களுடன் பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். அரியலூர்ச் சிப்பிகளுக்கும் சங்குகளுக்கும் அறிவியல் உலகில் முகவரி கொடுத்தவர் அவரே.

வாங்டு பாலத்திலிருந்து

அந்த வேலைக்கு நடுவிலேயே, 1864-இல், ஸ்டோலிச்கா தன் தோழர் மாலட்டுடன் இமயமலைக்குப் புறப்பட்டார். சட்லஜ் ஆற்றின்மேல் உள்ள வாங்டு பாலம்தான் தொடக்கம். அங்கிருந்து பாபா கணவாய் வழியாகப் பின் என்னும் பள்ளத்தாக்கில் இறங்கி, ஸ்பிதியைக் கடந்து, சுமார் 5,580 மீட்டர் உயரப் பராங் கணவாய் ஏறி, ருப்சு வழியாகச் சிந்து நதி வரை போனார்கள். இன்றும் மலைநடைக்காரர்கள் கோடையில் இந்தப் பாதையின் பகுதிகளில் நடக்கிறார்கள்.

வாங்டுவில் காலடியில் இருப்பது 180 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட நைஸ். பச்சைமலையைப் போலவே புதைபடிவம் இல்லாத அடித்தளம். வடக்கே ஏற ஏற, பாபா கணவாயை ஒட்டி, ஆதிக் கடலின் களிமண் இறுகிய பலகைக்கல் தொடங்குகிறது. கணவாய்க்குத் தெற்கே மழை பெய்யும் பச்சைச் சரிவு. வடக்கே இறங்கினால் மேகம் எட்டாத வறண்ட நாடு. மரமில்லை, மண் போர்வையில்லை, பாறை அடுக்குகள் மறைவின்றி நிற்கின்றன. முத் என்ற ஊரில் வெண்ணிறக் குவார்ட்சைட், அதற்குமேல் குலிங்கில் கறுப்பு மென்பாறை, பிறகு பெருந்தடிமனில் சுண்ணாம்புக்கல், அதற்கும் மேல் லாங்சாவின் அம்மோனைட் பாறை, கியூமல் மணற்கல், கடைசியாகச் சிச்சிம் ஊருக்கு மேலே உள்ள சுண்ணாம்புக்கல். ஸ்டோலிச்காவும் பிளான்போர்டு செய்ததையே செய்தார். அடுக்குகளுக்கு ஊர்ப் பெயர்களை வைத்தார்.

சிச்சிம் சுண்ணாம்புக்கல்லின் அடிப்பகுதியும் காரைக் களிமண்ணும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இரண்டும் கிரீத்தேசியக் கடலின் அடியில் படிந்தவை. ஒன்றின்மேல் இன்று ஆட்டு மந்தை மேய்கிறது. மற்றொன்று மூச்சு வாங்கும் உயரத்தில் நிற்கிறது.

ஒரு கரை மட்டும் ஏன் நிமிர்ந்தது

கிரீத்தேசியக் காலத் தொடக்கத்தில் இந்தியா தென்கோளத்தில் இருந்தது. அண்டார்க்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த அதன் கிழக்கு விளிம்பு சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளக்கத் தொடங்கியது. பிளவு நிலத்தை இழுத்துத் தாழ்த்தியது. தாழ்ந்த பள்ளத்தில் புதிதாகப் பிறந்த இந்தியப் பெருங்கடல் புகுந்தது. காவிரிப் படுகை என்று நிலவியலார் சொல்லும் அந்தப் பள்ளத்தின் மேற்கு ஓரம்தான் பெரம்பலூரும் அரியலூரும். அதே கண்டத்தின் வடக்கு விளிம்பு டெத்திஸ் என்ற வேறொரு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையின் அடிவண்டல்தான் ஸ்பிதி.

பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகம். கண்டங்களின் கணக்கில் அது மிக விரைவான ஓட்டம். அரியலூரில் கடைசி அம்மோனைட்டுகள் வாழ்ந்த நாட்களில் இந்த நிலம் அந்த ஓட்டத்தின் நடுவில் இருந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடக்கு விளிம்பு ஆசியாவை முட்டியது. டெத்திஸ் கடல் மூடிப்போயிற்று. அதன் அடியில் படிந்திருந்த வண்டல் நசுங்கி, மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேலே வந்தது. தெற்கில் இருந்த காவிரிப் படுகையை அந்த மோதல் தொடவில்லை. அதனால்தான் அரியலூரில் அடுக்குகள் இன்றும் ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கின்றன. ஸ்பிதியில் அதே மாதிரி அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன, சில இடங்களில் தலைகீழாகவும் மடிந்திருக்கின்றன.

இந்தக் கடலடி உலகின் உச்சி வரை போயிருக்கிறது. 8,848.86 மீட்டர் உயர எவரெஸ்டின் சிகரப் பாறை, 45 கோடி ஆண்டு வயதை ஒட்டிய சுண்ணாம்புக்கல். நுண்ணோக்கியில் வைத்தால் கடல் அல்லி, டிரைலோபைட் ஆகியவற்றின் துணுக்குகள் தெரிகின்றன. 2023 மே மாதம் தமிழ்நாட்டின் முத்தமிழ்ச்செல்வி அங்கே நின்றபோது, அவர் காலடிப் பனிக்குக் கீழே இருந்தது ஒரு பழைய கடல். தமிழ் வைணவ வீடுகளில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமக் கற்கள் பலவும் இதே கதையைச் சேர்ந்தவை. நேபாளத்தின் கண்டகி ஆறு, லாங்சாவில் உள்ளதைப் போன்ற கறுப்புப் பாறையை அரித்து உருட்டிவரும் அம்மோனைட்டுகள் அவை.

சாய்வைப் பார்த்து ஏறுதல்

மலையேறுகிறவர் முதலில் பார்ப்பது சிகரத்தை அல்ல, அடுக்கின் சாய்வை. அடுக்கு மலைக்குள் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு அடுக்கின் முனையும் கால் வைக்க ஒரு படி தரும். அடுக்கு வெளியே நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் கால் வழுக்கும், கை பிடிக்க விளிம்பு கிடைக்காது. எவரெஸ்டின் வடமுகம் இரண்டாவது வகை. அதன் அடுக்குகள் வடக்கே சாய்கின்றன. ஓட்டு வீட்டுக் கூரைமேல், மெல்லிய பனி தூவிய ஓடுகளில் நடப்பதற்கு ஒப்பானது அது. 1924-இல் எட்வர்ட் நார்ட்டன் அந்த முகத்தில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,570 மீட்டரைத் தாண்டி நின்று, அதற்குமேல் போவது உயிருக்கு ஆபத்து என்று திரும்பினார்.

அடுத்தது பாறையின் வலு. ஸ்பிதியில் சுண்ணாம்புக்கல் செங்குத்துச் சுவராக நிற்கும். கறுப்பு மென்பாறை அரிபட்டு அகன்ற சரிவாகும். லாங்சா போன்ற ஊர்களும் அவற்றின் பார்லி வயல்களும் அந்த மென்சரிவுகளில் இருக்கின்றன, நடைபாதைகளும் அவற்றையே தேடிப் போகின்றன. சுண்ணாம்புக்கல் குறுக்கிட்டால் பாதை அறுந்துவிடும். கிப்பர் ஊருக்கும் சிச்சிமுக்கும் இடையே அப்படி ஓர் ஆழமான வெட்டுப் பள்ளம் இருக்கிறது. 2017-இல் பாலம் திறக்கும் வரை, எதிரே தெரியும் ஊருக்குப் போக மக்கள் கம்பிக் கயிற்றில் ஓடும் தொட்டிலில் உட்கார்ந்து பள்ளத்தைக் கடந்தார்கள்.

மூன்றாவது, கல் விழும் நேரம். இரவில் விரிசல்களில் உள்ள நீர் உறைந்து, விரிந்து, கல்லை நெம்பும். காலை வெயில் பட்டதும் உறைபனி இளகி, நெம்பிய கல் விழும். அதனால் ஏறுகிறவர்கள் விடியலுக்கு முன்பே கிளம்புகிறார்கள். கற்கள் உருண்டு வரும் பள்ளங்களை விட்டு, முகடுகளின் மேலேயே வழி தேடுகிறார்கள். கிப்பருக்கு மேலே உள்ள கனமோ, 6,000 மீட்டரை நெருங்கும் மலை. கோடையில் கயிறில்லாமலே நடந்து ஏறலாம். பாறை உதிர்ந்து மெல்லிய சரிவாகிவிட்டதுதான் காரணம். சௌ சௌ காங் நில்டாவில் பனிமுகடு இருக்கிறது. அங்கே பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் வேண்டும். அதன் உச்சியை 1939-இல் ஜே.ஓ.எம். ராபர்ட்ஸ் எட்டினார்.

அதற்கும் முன்பு, 1860-இல், நில அளவைத் துறையின் கலாசி என்னும் உதவிப் பணியாளர் ஒருவர் ஸ்பிதியின் ஷில்லா சிகரத்தில் அளவைக் கம்பத்தை ஏற்றி நட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்நாளைய கணக்கில் அது 7,000 மீட்டரைத் தாண்டிய மலை. அதனால் பல்லாண்டு காலம் மனிதர் ஏறிய மிக உயர்ந்த இடம் என்று பேசப்பட்டது. மறு அளவீட்டில் உயரம் 6,132 மீட்டர் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த உயரத்துக்குக் கம்பம் சுமந்த உழைப்பு எந்தச் சாதனைப் பட்டியலுக்கும் குறைந்ததல்ல. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

காற்று மெலியும் இடம்

பாறையைப் படிப்பதோடு உடம்பையும் படிக்க வேண்டும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் மொத்தக் காற்று பாதியாகிவிடுகிறது. உடம்பு வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கப் பார்க்கும். சில நாட்களில் சிறுநீரகங்கள் இரத்தத்தின் அமிலச் சமநிலையைத் திருத்தும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடும். இதற்கு அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். அதையும் மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. நோய் முற்றினால் முதல் மருந்து, தாமதிக்காமல் கீழே இறங்குவது.

1870களில் இந்த அறிவு இல்லை. 1873-இல் பிரிட்டிஷ் அதிகாரி போர்சைத் தலைமையில் யார்க்கண்டுக்குப் போன இரண்டாவது தூதுக்குழுவில் ஸ்டோலிச்கா இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். லே நகரிலிருந்து காஷ்கர் வரை போய், பாமீரையும் பார்த்துத் திரும்பும் வழியில், 1874 ஜூன் மாதம், 5,540 மீட்டர் உயரக் காரகோரம் கணவாயைக் கடந்தார்கள். கடுந்தலைவலியும் மூச்சுத்திணறலும் அவரைப் பிடித்தன. ஜூன் 19 அன்று முர்கோவில் இறந்தார். அவருக்கு வயது 36. லேயில் அவருடைய கல்லறை இருக்கிறது. நோய்க்குறிகளைப் பார்க்கும் இன்றைய மருத்துவர்கள் உயர நோய்தான் அவரைக் கொன்றது என்று கருதுகிறார்கள். அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றிய கடைசித் தொகுதியை முடித்துக் கொடுத்துச் சிறிது காலமே ஆகியிருந்தது.

பிளான்போர்டும் வேறொரு வகையில் இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தார். நிலவியலை விட்டு வானிலை ஆய்வுக்கு மாறி, 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலையில் பனி மிகுந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மெலிகிறது என்று 1884-இல் எழுதினார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி அதிலிருந்துதான் வளர்ந்தது.

எதைக் காப்பது

மலைப்பாதை ஒன்று தவறினால் திரும்பி வந்து மறுபடி ஏறலாம். புதைபடிவப் படுகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓர் அம்மோனைட் எந்த அடுக்கில், எந்த உயிர்களோடு கிடந்தது என்பதில்தான் அதன் அறிவியல் மதிப்பு முழுவதும் இருக்கிறது. அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் மறைந்தன, கடலெங்கும் பரவியும் வாழ்ந்தன. அதனால்தான் காரையின் அடுக்கையும் இமயத்தின் அடுக்கையும் காலத்தால் ஒப்பிட அவை உதவுகின்றன. எடுத்துப் பையில் போட்ட நொடியில் அந்த முகவரி போய்விடும். அலமாரியில் இருப்பது வெறும் அழகுக் கல்.

சிமென்ட் இல்லாமல் வீடு இல்லை. சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சுரங்கச் சுவரே சில இடங்களில் அடுக்குகளை நமக்குத் திறந்து காட்டியது. ஆனால் வெட்டி முடிந்த பள்ளத்தில் ஒரு சுவரையாவது மூடாமல் விட்டுவைக்கலாம். காரையின் மொட்டை மேடுகளைச் சமப்படுத்திப் பயன்படாத நிலம் என்று பட்டா போடாமல் இருக்கலாம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரில் மரம் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. இவற்றுக்கு நடுவே திறந்து கிடக்கும் ஓடைகளுக்குக் காவல் என்பது, அங்கே நடக்கிறவர்களின் அறிவு மட்டுமே.

பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளின் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கி, தெரணி, காரை, சாத்தனூர், கல்லங்குறிச்சி என்று கிழக்கே கூட்டிப் போக வேண்டும். எடுக்காமல், தொட்டுப் பார்த்து, படம் வரைந்து, எந்த அடுக்கின்மேல் எது கிடக்கிறது என்று எழுதி வரச் சொல்ல வேண்டும். அடுக்கின் சாய்வைக் கையால் காட்டத் தெரிந்த பிள்ளை, பின்னாளில் எந்தப் பனிமலையின் முன் போய் நின்றாலும் அதில் வழி எங்கே என்று பார்க்கத் தெரிந்த பிள்ளையாக இருக்கும். அந்தப் பாடத்துக்குத் தேவையான புத்தகம் ஊரிலேயே திறந்து கிடக்கிறது. அதன் பக்கங்களைக் கிழிக்காமல் அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது நம் பொறுப்பு.